பிக்கப் கேட்பதும் காது கேட்பதும்

1818ஆம் ஆண்டு கிறிஸ்துமஸுக்கு முந்தைய இரவு. ஆஸ்திரியாவில் சால்ஸ்பர்க் நகருக்கு அருகே ஓபெர்ன்டோர்ஃப் என்ற ஊரில், புனித நிக்கோலஸ் ஆலயத்தில் ஒரு புதுப்பாட்டு அரங்கேறியது. பாட்டை எழுதியவர் உதவிக் குருவான யோசப் மோர். மெட்டமைத்தவர் பள்ளி ஆசிரியர் ஃபிரான்ஸ் க்ரூபர். இருவருமே பாடினார்கள். பக்கவாத்தியம் ஒரே ஒரு கிட்டார். இன்று உலகம் முழுக்கப் பாடப்படும் 'சைலன்ட் நைட்' பிறந்தது அப்படித்தான். ஆலயத்து ஆர்கனை எலி கடித்துவிட்டதால்தான் கிட்டாரை எடுத்தார்கள் என்ற கதை பிற்காலத்தில் சேர்ந்த ஒட்டு.

அந்த இரவில் மைக் கிடையாது, ஸ்பீக்கர் கிடையாது. ஆனாலும் கிட்டார் காதில் விழுந்தது. அதனோடு போட்டி போட அங்கே வேறு வாத்தியம் எதுவும் இல்லை.

இன்றைய ஞாயிறு ஆராதனைக்கு வருவோம். தமிழ்நாட்டின் நடுத்தரச் சபை ஒன்றின் மேடையில் டிரம்ஸ் இருக்கும், பேஸ் கிட்டார் இருக்கும், கீபோர்டு இருக்கும், ஆளுக்கொரு மைக்கோடு நான்கைந்து பாடகர்கள் இருப்பார்கள். இவர்கள் நடுவில் வெறும் கிட்டாரை மீட்டினால் இரண்டாவது வரிசையைத் தாண்டாது. அதனால் ஒயரைச் செருகுகிறோம். ஒலி கடைசி வரிசைக்குப் போய்விடுகிறது. ஆனால் வீட்டில் மடியில் வைத்து மீட்டியபோது கேட்ட கனிவைக் காணோம். இழுத்துவிட்ட ரப்பர் பேண்டைப் போல ஒரு 'டொய்ங்' மட்டும் மிஞ்சுகிறது. சரிசெய்யலாம் என்று மிக்ஸரில் திருகினால் மண்டபமே 'ஊ...' என்று ஊளையிடுகிறது.

கருவி அதே கருவி, கை அதே கை. இடையில் என்ன நடந்தது?

பெட்டியே பாடகன்

கிட்டாரின் ஆறு கம்பிகளும் சேர்ந்து ஏறத்தாழ 70 கிலோ எடைக்குச் சமமான விசையில் இழுத்துக் கட்டப்பட்டிருக்கின்றன. இவ்வளவு விறைப்பாக இருந்தும் கம்பியால் தனியாகப் பெரிதாகச் சத்தம் போட முடியாது. அது மிகவும் மெல்லியது. முன்னால் தள்ளிய காற்று அதன் ஓரமாக நழுவிப் பின்பக்கம் போய்விடும். ஒயர் செருகாத எலக்ட்ரிக் கிட்டாரை மீட்டிப் பார்த்தவர்களுக்கு இது தெரியும்.

கம்பியின் அதிர்வைப் பிரிட்ஜ் வாங்கி முன்பலகைக்குக் கொடுக்கிறது. பெரும்பாலும் ஸ்ப்ரூஸ் மரத்தால் ஆன, ஏறக்குறைய 3 மில்லிமீட்டர் தடிமனுள்ள பலகை அது. பரப்பு பெரிது, எடை குறைவு. அதனால் அது அசையும்போது காற்றும் அசைந்தே தீர வேண்டும். நாம் கிட்டாரின் ஒலி என்று சொல்வது பெரும்பாலும் இந்தப் பலகையின் ஒலிதான்.

இதோடு இன்னொரு பாடகரும் உண்டு. பெட்டிக்குள் அடைபட்ட காற்று. காலி பாட்டிலின் வாயில் ஊதினால் 'பூம்' என்று ஒரே சுருதியில் ஒலிக்கும் அல்லவா? உள்ளே இருக்கும் காற்று சுருள்வில்லாக விரிந்து சுருங்க, கழுத்திலுள்ள காற்று உள்ளும் புறமும் ஆடுவதால் பிறக்கும் ஒத்ததிர்வு அது. 19ஆம் நூற்றாண்டு ஜெர்மானிய அறிவியலாளர் ஹெல்ம்ஹோல்ட்ஸின் பெயரால் அதை அழைக்கிறோம். கிட்டாரின் வட்டத் துளையும் பெட்டியும் சேர்ந்து செய்வதும் இதே வேலைதான். நம் ஊர்களில் அதிகம் புழங்கும் டிரெட்நாட் வகைக் கிட்டாரில் இந்தக் காற்றின் சுருதி 100 ஹெர்ட்ஸை ஒட்டி அமையும். முன்பலகையின் முதன்மை ஒத்ததிர்வு அதற்கு மேலே, 200 ஹெர்ட்ஸ் பக்கம்.

இதைச் சோதிக்கக் கருவி எதுவும் வேண்டாம். கம்பிகளை உள்ளங்கையால் அமுக்கிக்கொண்டு, துளைக்கு அருகே வாயை வைத்து 'ம்ம்' என்று அடிக்குரலில் முனகுங்கள். சுருதியை மெல்ல ஏற்றி இறக்குங்கள். ஓரிடத்தில் பெட்டி உங்கள் நெஞ்சோடு சேர்ந்து அதிரும். அந்தச் சுருதியைக் கம்பியில் தேடினால், பெரும்பாலும் தடித்த ஈ கம்பியின் மூன்றாவது, நான்காவது கட்டையில் (ஃப்ரெட்) கிடைக்கும். மூன்றாவது கட்டை என்பது ஜி ஸ்வரம், 98 ஹெர்ட்ஸ். ஆராதனைப் பாடல்களில் கை அடிக்கடி போய் நிற்கும் ஜி மேஜர் கார்டின் அடி ஸ்வரமும் அதுதான். இந்தத் தற்செயல் ஒற்றுமையை நினைவில் வையுங்கள். ஊளையைப் பற்றிப் பேசும்போது தேவைப்படும்.

ஆக, ஒரு மீட்டர் தள்ளி உட்கார்ந்திருப்பவரின் காதில் விழுவது பலகை, துளைக் காற்று, பின்பலகை, அறையின் சுவர்கள் எல்லாம் கலந்த கூட்டொலி. கம்பியின் கூர்மையில் பாதியை மரம் விழுங்கிவிடுகிறது. அடி ஸ்வரங்களுக்குக் காற்று உடம்பு கொடுக்கிறது.

சேடிலுக்கு அடியில் ஒரு படிகம்

1880இல் பாரிஸில் ஷாக் கியூரி, பியேர் கியூரி என்ற சகோதரர்கள் ஒரு விந்தையைக் கண்டார்கள். குவார்ட்ஸ், டூர்மலின் போன்ற படிகங்களை அழுத்தினால் அவற்றின் முகங்களில் மின்னூட்டம் தோன்றுகிறது. இதுவே அழுத்தமின் விளைவு. வாத்தியக்காரர்கள் மொழியில் பீசோ. இதே பியேர் கியூரிதான் பின்னாளில் மேரி கியூரியின் கணவரானவர்.

இதைக் கிட்டாருக்குள் கொண்டுவந்து புகழ்பெறச் செய்தது அமெரிக்காவின் ஓவேஷன் நிறுவனம். அதன் நிறுவனர் சார்லஸ் கேமன் ஹெலிகாப்டர் பொறியாளர்; அதிர்வை அடக்குவது அவருடைய தொழில். 1960களின் இறுதியில், கம்பிகள் அமர்ந்திருக்கும் சேடில் என்ற வெள்ளைப் பட்டைக்கு அடியில் பீசோவை வைத்து அந்நிறுவனம் கிட்டார் செய்தது. பாடகர் கிளென் கேம்ப்பெல் 1969இல் தொடங்கிய தம் தொலைக்காட்சி நிகழ்ச்சியில் அதை வாசிக்க, மேடையில் மைக் முன்னால் சிலையாக நிற்க வேண்டியதில்லை என்பது எல்லோருக்கும் தெரிந்துபோனது. இன்று கடையில் 'செமி அகௌஸ்டிக்' என்று கேட்டால் எடுத்துக் கொடுக்கும் கிட்டார்களில் பெரும்பாலானவற்றில் இருப்பது இந்தச் சேடிலடிப் பீசோ பிக்கப்தான்.

இது இருக்கும் இடத்தைக் கவனியுங்கள். கம்பிக்கும் மரத்துக்கும் நடுவில். மரம் விழுங்குவதற்கு முன்பே கம்பியின் கூர்மை முழுவதையும் இது வாங்கிவிடுகிறது. பலகையும் துளைக் காற்றும் வெளியே கொடுக்கும் ஒலி இதற்குச் சரியாக எட்டுவதே இல்லை. பிக் கம்பியைத் தட்டும் கணத்தில் சேடிலில் விழும் கூர்மையான அழுத்தத்தையும் அப்படியே மின்சாரமாக்கிவிடும். ஓங்கி அடித்தால் உள்ளேயிருக்கும் 9 வோல்ட் பேட்டரியில் ஓடும் ப்ரீஆம்ப் என்ற முன்பெருக்கியால் அந்தத் திடீர் ஏற்றத்தைத் தாங்க முடியாமல், அலையின் உச்சி வெட்டுப்படும். 'டொய்ங்' பிறப்பது இங்கே. பேட்டரி தளர்ந்திருந்தால் இன்னும் மோசம்.

வேறு வழிகளும் உண்டு. பிரிட்ஜுக்கு நேர் கீழே, பெட்டியின் உட்புறத்தில் சிறு பீசோ வில்லைகளை ஒட்டலாம். அவை மரத்தின் அசைவைக் கேட்பதால் ஒலியில் கனிவு கூடும். துளையில் பொருத்தும் காந்தப் பிக்கப் எஃகுக் கம்பியின் அசைவை மட்டும் பார்க்கும். மரத்தைக் கிட்டத்தட்ட மறந்துவிடும். ஒலி எலக்ட்ரிக் கிட்டார் பக்கம் சாயும், ஆனால் எளிதில் ஊளையிடாது. கழுத்தும் உடலும் சேரும் இடத்துக்கு எதிரே 20, 30 சென்டிமீட்டர் தள்ளி ஒரு நல்ல கண்டென்சர் மைக்கை வைத்தால் காது கேட்பதற்கு மிக நெருக்கமான ஒலி கிடைக்கும். துளைக்கு நேராக வைத்தால் காற்றின் 'பூம்' மட்டும் பெருகும். மைக்தான் மிக உண்மையானது. மிகச் சீக்கிரம் ஊளையிடுவதும் அதுவே.

இந்த வரிசையில் ஒரு விதி தெரிகிறது. ஒலி இயல்புக்கு எவ்வளவு நெருங்குகிறதோ, ஊளைக்கும் அவ்வளவு நெருங்குகிறது. மரத்தையும் காற்றையும் கேட்கும் காது, மேடையிலிருக்கும் ஸ்பீக்கரையும் கேட்கத்தானே செய்யும்? வீணைக் கச்சேரியில் கான்டாக்ட் மைக் வைப்பவர்களுக்கும் இதே இழுபறிதான்.

10 கிலோ ஓமும் 10 மெகா ஓமும்

ஊளைக்குப் போகுமுன், பலரும் கவனிக்காத ஓர் இடத்தில் நிற்க வேண்டும். ஒயர் செருகும் துளை.

பீசோ மின்னியலில் ஒரு மின்தேக்கி. அதன் மின்தேக்குத் திறனை 1 நானோஃபாரட் என்று வைத்துக்கொள்வோம். மின்தேக்கியும் அது போய்ச் சேரும் உள்ளீட்டின் மின்தடையும் கூடினால் ஒரு வடிகட்டி உருவாகும். குறிப்பிட்ட ஓர் அதிர்வெண்ணுக்குக் கீழே உள்ளவற்றை அது கழித்துவிடும். அந்த எல்லையைக் கண்டுபிடிக்க, 1ஐ 2π, மின்தடை, மின்தேக்குத் திறன் மூன்றின் பெருக்கற்பலனால் வகுத்தால் போதும்.

பேட்டரி இல்லாத பீசோவை மிக்ஸரின் லைன் உள்ளீட்டில் நேரடியாகச் செருகுகிறோம். அதன் மின்தடை 10 கிலோ ஓம் என்றால், எல்லை 15,900 ஹெர்ட்ஸ். கிட்டாரின் தடித்த கம்பியோ 82 ஹெர்ட்ஸில் ஒலிப்பது. அந்த இடத்தில் இழப்பு சுமார் 46 டெசிபெல். மின்னழுத்தம் கிட்டத்தட்ட 200இல் ஒரு பங்காகிவிடுகிறது. மிஞ்சுவது கொசு ரீங்காரம். 1 மெகா ஓம் உள்ளீட்டில் எல்லை 159 ஹெர்ட்ஸுக்கு இறங்கும். அடி மூன்று கம்பிகளின் அடிச்சுருதி இன்னும் அடிபடும். 10 மெகா ஓமில் 16 ஹெர்ட்ஸ். கிட்டாரின் எல்லா ஸ்வரமும் தப்பிவிடும்.

மிக்ஸரின் ஈக்யூவில் பேஸைக் கூட்டி இந்த இழப்பை ஈடுகட்டலாம் என்று நினைக்கலாம். 46 டெசிபெல்லைக் கூட்டினால் இரைச்சலும் மின்சார ரீங்காரமும் சேர்ந்து கூடும். தொலைந்ததைத் தேடுவதைவிடத் தொலைக்காமல் இருப்பது எளிது. அதற்குத்தான் பீசோவுக்கென்று செய்த ப்ரீஆம்ப்.

ஒயரின் நீளமும் கணக்கில் உண்டு. சாதாரண கிட்டார் ஒயரில் மீட்டருக்கு 100 பிக்கோஃபாரட் அளவுக்கு மின்தேக்கம் இருக்கும். 6 மீட்டர் ஒயர் என்றால் 600. ப்ரீஆம்ப் இல்லாத பீசோவின் 1,000 பிக்கோஃபாரட் இதனோடு பங்கு போட வேண்டியிருப்பதால், ஒலி ஒயருக்குள்ளேயே சுமார் 4 டெசிபெல் குறைந்துவிடும்.

டி.ஐ. பாக்ஸின் பயன் அடுத்தது. கிட்டாரின் சமிக்ஞையை அது எதிரெதிர்த் துருவங்களில் இரட்டையாக்கி இரண்டு கம்பிகளில் அனுப்புகிறது. வழியில் நம் வீட்டு மின்சாரத்தின் 50 ஹெர்ட்ஸ் ரீங்காரம் இரண்டிலும் ஒரே மாதிரி ஏறும். மிக்ஸர் ஒன்றிலிருந்து மற்றொன்றைக் கழிக்கும்போது ரீங்காரம் ரத்தாகி, கிட்டார் மட்டும் மிஞ்சும். மேடையிலிருந்து 30 மீட்டர் தள்ளி மிக்ஸர் இருந்தாலும் கவலையில்லை. கிட்டாரில் ப்ரீஆம்ப் இருந்தாலும் டி.ஐ. தேவைப்படுவது இதற்காகத்தான்.

ஊளையின் கணக்கு

ஃபீட்பேக் ஊளைக்கு ஐரோப்பாவில் 'லார்சன் விளைவு' என்றும் பெயர். அதன் அறிவியலை ஆராய்ந்த டென்மார்க் இயற்பியலாளர் சோரன் லார்சனின் பெயர் அது. கணக்கு எளிது. கிட்டாரிலிருந்து கிளம்பிய ஒலி ஸ்பீக்கர் வழியாகச் சுற்றிவந்து மறுபடி கிட்டாரை அசைக்கிறது. ஒரு சுற்று முடியும்போது அது கிளம்பியதைவிடச் சிறியதாக இருந்தால் அடங்கிவிடும். ஏதாவது ஓர் அதிர்வெண்ணில் கிளம்பிய அளவுக்குச் சமமாகவோ மிகுதியாகவோ, அதே கட்டத்தில் திரும்பினால், சுற்றுக்குச் சுற்று வளர்ந்து ஊளையாகும்.

எந்த அதிர்வெண்? கிட்டார் எங்கே எளிதில் அசையுமோ அங்கே. அதாவது 100 ஹெர்ட்ஸ் காற்று, 200 ஹெர்ட்ஸ் பலகை. இப்போது அந்த ஜி மேஜர் கார்டுக்குத் திரும்புங்கள். பாட்டு முடிகிறது, போதகர் ஜெபிக்கத் தொடங்குகிறார், வாசிப்பவர் ஜி கார்டை மீட்டி அப்படியே நீள விடுகிறார். 98 ஹெர்ட்ஸ் அடி ஸ்வரம் பெட்டியின் காற்றை எழுப்ப, வாசிப்பவரை நோக்கி வைத்த மானிட்டர் ஸ்பீக்கர் அதைத் தாங்கிப் பிடிக்க, ஜெபத்தின் முதல் வரியிலேயே ஊளை.

இதற்கு மருந்துகள் எளியவை. துளையை அடைக்கும் ரப்பர் மூடி சில நூறு ரூபாய். பெட்டிக் காற்றின் வாயை மூடிவிடும். பிக்கப் ஒலியை அது அதிகம் மாற்றாது. ப்ரீஆம்ப்பில் 'ஃபேஸ்' என்ற சிறு பொத்தான் இருந்தால் அழுத்திப் பாருங்கள். திரும்பி வரும் அலை பலகையைத் தள்ளும் நேரத்தில் இழுக்கத் தொடங்கும். நிற்கும் இடத்தைப் பொறுத்து ஊளை அடங்கலாம். 'நாட்ச்' இருந்தால் ஊளையின் சுருதியில் மட்டும் ஒரு மெல்லிய பள்ளம் வெட்டலாம். சுருதியைக் கண்டுபிடிக்கக் கம்பியே போதும்: ஒலியை மெல்லக் கூட்டி, ஊளை தலைகாட்டும்போது அதே சுருதியைக் கம்பியில் தேடி எடுங்கள். ஏ கம்பியின் சுருதி என்றால் 110 ஹெர்ட்ஸ், டி என்றால் 147, ஜி என்றால் 196.

எல்லாவற்றையும்விடப் பெரிய மருந்து, மேடைச் சத்தத்தைக் குறைப்பது. மானிட்டரைக் கிட்டாரின் முகத்துக்கு நேராகத் திருப்பி வைக்காதீர்கள். முடிந்தால் வாசிப்பவருக்கு இயர்போன் மானிட்டர் கொடுங்கள், சுற்றே அறுந்துவிடும். மைக் வைப்பவர்கள் இன்னொன்றையும் நினைவில் வைக்க வேண்டும். 15 சென்டிமீட்டரிலிருந்த மைக்கை 30க்கு நகர்த்தினால் கிட்டாரின் ஒலி 6 டெசிபெல் குறையும். அதை ஈடுகட்ட கெயினைக் கூட்டும்போது பக்கத்து டிரம்ஸும் மானிட்டரும் 6 டெசிபெல் கூடி உள்ளே வரும்.

சனிக்கிழமை ஆலயம், ஞாயிற்றுக்கிழமை ஆலயம்

1895இல் ஹார்வர்டு பல்கலைக்கழகம் புதிதாகக் கட்டிய ஃபாக் கலைக்கூடத்தின் விரிவுரை மண்டபத்தில் பேசினால் ஒன்றும் புரியவில்லை. சொன்ன சொல் ஐந்து நொடிக்கு மேல் சுவர்களுக்குள் சுற்றிக்கொண்டிருந்தது. சரிசெய்யும் பொறுப்பு வாலஸ் சபைன் என்ற இளம் இயற்பியல் ஆசிரியரிடம் வந்தது. பக்கத்து அரங்கிலிருந்து இருக்கை மெத்தைகளை இரவில் தூக்கிவந்து அடுக்குவார், ஓர் ஆர்கன் குழாயை ஒலிக்கச் செய்து நிறுத்தி, ஒலி மறையும் நேரத்தை அளப்பார், விடியுமுன் மெத்தைகளைத் திருப்பிக் கொடுத்துவிடுவார். அதிலிருந்து பிறந்த சூத்திரம்: எதிர்முழக்க நேரம் = 0.161 × மண்டபத்தின் கன அளவு ÷ மொத்த உறிஞ்சல்.

20 மீட்டர் நீளம், 12 மீட்டர் அகலம், 8 மீட்டர் உயரமுள்ள ஓர் ஆலயத்தை எடுத்துக்கொள்வோம். கன அளவு 1,920 கன மீட்டர். டைல்ஸ் தரை, பூசிய சுவர், மர பெஞ்சுகள். எல்லாம் சேர்ந்து 100 சதுர மீட்டர் உறிஞ்சல் என்றால், எதிர்முழக்கம் 3.1 நொடி. ஞாயிறு காலை 200 பேர் வந்து அமர்கிறார்கள். ஒருவர் உடம்பும் உடையும் 0.45 சதுர மீட்டர் உறிஞ்சும் என்று கொண்டால் உறிஞ்சல் 190 ஆகிறது, எதிர்முழக்கம் 1.6 நொடிக்கு இறங்கிவிடுகிறது. கிட்டத்தட்ட பாதி.

சனிக்கிழமை மாலை ஒத்திகையில் பார்த்துப் பார்த்து வைத்த ஒலி ஞாயிற்றுக்கிழமை வறண்டு கேட்பதற்கு இதுதான் காரணம். சனிக்கிழமை மிக்ஸரில் எதிரொலி எஃபெக்டைச் சேர்க்கத் தோன்றாது; ஞாயிறு கொஞ்சம் தேவைப்படலாம். இன்னொரு நுணுக்கமும் உண்டு. மனித உடல் உயர் அதிர்வெண்களை உறிஞ்சும் அளவுக்கு அடி அதிர்வெண்களை உறிஞ்சுவதில்லை. ஆலயம் நிறைந்தாலும் 'பூம்' பெருமளவு அப்படியே இருக்கும். அடி ஒலியைக் கழிக்கும் வேலை இரண்டு நாளும் உண்டு.

மிக்ஸரில் கை வைக்கும்போது

இத்தனைக்கும் பிறகுதான் ஈக்யூ. முதலில் 80 முதல் 100 ஹெர்ட்ஸுக்குக் கீழே வெட்டிவிடலாம். குழுவில் பேஸ் கிட்டாரும் கீபோர்டும் இருந்தால் அந்த இடம் அவர்களுடையது. 200 ஹெர்ட்ஸ் பக்கம் சில டெசிபெல் குறைத்தால் குமுறல் போகும். பீசோவின் 'டொய்ங்' பெரும்பாலும் 1,000 முதல் 3,000 ஹெர்ட்ஸுக்குள் ஒளிந்திருக்கும். அங்கே அகலமாக, மெதுவாகக் குறையுங்கள். பாடகர்களின் சொற்கள் தெளிவாகக் கேட்பதும் இதே பரப்பில்தான் என்பதால், கிட்டார் விட்டுக்கொடுத்த இடத்தில் பாட்டு முன்னே வரும். 10,000 ஹெர்ட்ஸுக்கு மேல் சிறிது கூட்டினால் கம்பியின் பளபளப்பு திரும்பும். கிட்டார் மட்டும் தனியாகப் பாடும் வழிபாட்டில் இந்த வெட்டுகளில் பாதியை விட்டுவிடலாம். அங்கே அடி ஒலிக்கு வேறு சொந்தக்காரர் இல்லை.

பீசோவோடு பெட்டிக்குள் ஒரு சிறு மைக்கும் உள்ள கிட்டார் என்றால் வேலையைப் பிரித்துக் கொடுங்கள். 250 ஹெர்ட்ஸுக்குக் கீழே பீசோ மட்டும். மைக்கிலிருந்து மேற்பகுதி மட்டும். ஊளை பிறக்கும் பரப்பில் மைக்குக்குக் காது இருக்காது. மரத்தின் மணம் மட்டும் சேரும்.

கணினி காட்டிய வழியும் ஒன்று உண்டு. அமைதியான அறையில் ஒரே வாசிப்பை மைக்கிலும் பீசோவிலும் ஒரே நேரத்தில் பதிவு செய்வார்கள். இரண்டுக்கும் உள்ள வேறுபாட்டைக் கணக்கிட்டு ஒரு பெட்டியில் சேமிப்பார்கள். மேடையில் பீசோ ஒலியோடு அந்த வேறுபாட்டைச் சேர்த்தால், விட்டுப்போன மரமும் காற்றும் ஓரளவு திரும்பும். கேட்பது பீசோதான் என்பதால் மேடையில் வைத்த மைக் அளவுக்கு ஊளைப் பயம் இல்லை. ஆனால் அந்த வேறுபாட்டுக்குள் 100 ஹெர்ட்ஸ் காற்றும் அடங்கியிருக்கிறது. அளவோடு கலந்தால்தான் பலன்.

வாசிப்பவர் கையிலும் பங்குண்டு. மெல்லிய பிக், புதிய கம்பிகள், அடியில் சமதளமாகத் தேய்த்த சேடில், நிதானமான மணிக்கட்டு. சத்தத்தை மிக்ஸர் பார்த்துக்கொள்ளும் என்று நம்பி மென்மையாக வாசித்தால் பீசோ திணறாது. 'டொய்ங்'கில் பாதி அங்கேயே போய்விடும்.

சபைக் கணக்கில் பணம் ஒதுக்குபவர்களுக்கு ஒரு வார்த்தை. விலையுயர்ந்த கிட்டாரைத் தேடுவதற்கு முன், இருக்கும் கிட்டாருக்குப் பேட்டரியும் கம்பியும் மாற்றுங்கள். நல்ல ப்ரீஆம்ப், டி.ஐ. ஒன்று வாங்குங்கள், மேடை மானிட்டர்களின் சத்தத்தைக் குறையுங்கள். இந்த வரிசையை மாற்றாதீர்கள். பிறகு மிக்ஸர் பார்ப்பவரைப் பாட்டின் நடுவே எழுந்து கடைசி பெஞ்சு வரை நடந்துபோய்க் கேட்டுவரச் சொல்லுங்கள். அங்கே உட்கார்ந்திருப்பவர் கிட்டாரின் தாளத்தைப் பிடித்துக்கொண்டு பாடுகிறார் என்றால், ஒலி சரியாக இருக்கிறது.